தொட்டுக்கொள்ள

முதல் செய்தியிலேயே எழுதியிருந்தான்:
'உங்களைப் போன்ற பெண்கள் மென்மையானவர்கள்.'
அப்போது நான் எஸ்பியர்க் கரைக்கு அப்பால்
கடலுக்கு மேலே எண்பது மீட்டரில்
காற்றாலையின் வயிற்றுக்குள் குப்புறக் கிடந்தேன்.
முழங்கை வரை கியர் எண்ணெய்.
பல்லால் கடித்துக் கையுறையைக் கழற்றி
கட்டைவிரலால் கேட்டேன்:
'எந்தப் பெண்களைப் போன்ற?'

ஒரு பூ அனுப்பினான். தாமரை.

என் பெயர் டித்தே ஓவர்கோர்.
ஒன்பது மாதக் குழந்தையாக
சியோலிலிருந்து வந்திறங்கினேன்,
காலில் ஓர் எண் கட்டி.
அப்புறம் எல்லாம் இங்கேதான்:
பன்றிப் பண்ணை வாடை,
சனிக்கிழமைக் கைப்பந்து,
டிசம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடும் வானம்.
தூக்கத்தில் உளறினால்கூட டேனிஷ்தான்.

ஆனாலும் போனேன்.
ஏன் போனாய் என்று
ஞாயிற்றுக்கிழமையின் நீளம் தெரிந்தவர்கள்
கேட்க மாட்டார்கள்.

ஓர்ஹூஸில் ஒரு சுஷி கடை.
குச்சிகளை அஸ்கர் பிடித்த நேர்த்தியை
பரிமாறுகிறவள் பாராட்டிவிட்டுப் போனாள்.
நான் முள்கரண்டி கேட்டேன்.
அவன் முகத்தில் ஏதோ ஒன்று,
பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து
'கேட்ட நிறம் இது இல்லையே' என்பதுபோல.

'உன் மொழியில் ஏதாவது சொல்லேன்.'

சொன்னேன்.
டிராக்டர் கிளம்பாத காலைகளில்
அப்பா மேற்கு ஜட்லாந்து வழக்கில் திட்டுவாரே,
அதை, ஒரு சொல் விடாமல்.
பக்கத்து மேசைக் கிழவர் பீர் சிந்தச் சிரித்தார்.
அஸ்கர் சிரிக்கவில்லை.
'இல்லை, நிஜ மொழியில்.'

பிறகு அவனே பேசினான்.
பாங்காக்கில் ஆறு மாதம். ஒசாகாவில் ஒருத்தி.
'ஆணை எப்படி வைத்துக்கொள்வதென்று
உங்களுக்குத் தெரியும்.
இங்குள்ளவளுக்குத் தெரியாது.'
இங்குள்ளவள்
இங்கேதான் உட்கார்ந்திருந்தாள்,
வாயில் பாதி மென்ற சால்மனோடு.

கைப்பேசியில் படங்கள்.
நான்கு பெண்கள், மூன்று நாடுகள்,
நெற்றியில் ஒரே அளவாக வெட்டிய முடி.
நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தான்,
துணி எடுக்கிறவன் அளவு பார்ப்பதுபோல.

இதற்கு முன் ஒருவன் இருந்தான்,
விளக்கை அணைத்த பிறகு
'சின்னக் குரலில் பேசு' என்பான்.
எனக்கு ஏது சின்னக் குரல்?
காற்றுக்கு மேலே கத்திக் கத்தித்
தடித்துப்போன தொண்டை.
அன்று ஒருமுறை முயன்றேன்.
அதை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் ஹெர்ரிங் மீனை
வினிகரில் ஊறப்போடுவோம்.
கருப்பு ரொட்டிமேல் ஒரு துண்டு,
கூட ஒரு மடக்கு சாராயம்.
பசிக்கு யாரும் ஊறுகாய் தின்பதில்லை.
தட்டின் எந்த ஓரத்தில் இருக்கிறேன் என்று
அப்போதுதான் தெரிந்தது.
பாதிப் பணத்தை வைத்துவிட்டு எழுந்தேன்.

ரயிலில்
கோல்டிங் வரைக்கும் நியாயம் முழுக்க என் பக்கம்.
பிரமிங் வருவதற்குள்
யெஸ்பர் கியெர் ஞாபகம் வந்துவிட்டான்.

ஹெர்னிங்கில் பேருந்து ஓட்டுகிறவன்.
என்னைப்போலவே காலில் எண் கட்டி வந்தவன்,
தன் பக்கத்தில் அதை வேடிக்கையாக எழுதியிருந்தான்.
போன வாரம் திரையில் வந்தான்.
'இவனைப் போன்ற ஆண்கள்' என்றெல்லாம்
நான் ஒன்றும் நினைக்கவில்லை.
நினைக்கிற அளவுக்குக்கூட நேரம் தரவில்லை.
கட்டைவிரல் தானாகவே இடப்பக்கம் போனது,
பழகிய மாடு தொழுவத்துக்குப் போவதுபோல.

தள்ளிய முகங்களைத் திரும்பக் காட்ட
மாதம் எண்பத்தொன்பது குரோனர் கேட்டது செயலி.
கட்டினேன்.
அஸ்கர் இரண்டு முறை வந்தான்.
யெஸ்பர் வரவில்லை.

ஏரிக்கரையில் நின்றிருந்தான், அது நினைவிருக்கிறது.
இரண்டு கையாலும் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்து
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி.
என்ன மீன் என்று
நான் பார்க்கவில்லை.